தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோன படம்

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று யாரோ குரல் கொடுக்கிறார். நாதசுரமும் தவிலும் உச்சத்துக்கு ஏறுகின்றன. நான்கு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. புகைப்படக்காரர்களின் பளிச்சொளி விளக்குகள் மாறி மாறி மின்னுகின்றன. மணமகன் தாலியைக் கையில் எடுக்கிறார். அவ்வளவுதான்! திரையில் படம் உறைந்து நிற்கிறது. சதுரம் சதுரமாகச் சிதறுகிறது. ஒலி விக்குகிறது. படம் மீண்டும் ஓடத் தொடங்கும்போது மூன்று முடிச்சும் விழுந்தாகிவிட்டது.

இது எங்கள் வீட்டில் நடந்த கதை. 2008-ஆம் ஆண்டில் என் தமக்கையின் திருமணத்தைச் சிறிய எண்முறை நாடாக்களில் பதிவு செய்தார்கள். என் தாத்தா நடமாடிப் பேசும் படம் எங்களிடம் இருப்பது அந்த நாடாக்களில் மட்டுமே. தாலி கட்டும்போது முன்வரிசையில் நின்று அட்சதை தூவுகிறார். நாடா நாளுக்கு நாள் நலிந்துகொண்டே போகும் பொருள். ஆகவே அதைக் கணிப்பொறிக்கு மாற்றி, 55 நிமிடப் படமாகத் தொகுத்து, அம்மாவுக்காக ஒரு டி.வி.டி. தட்டில் பதிந்து தர முனைந்தேன். கைபேசியில் போட்டுத் தரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். “அந்தச் சின்னத் திரையில் முகமே தெரியவில்லை” என்பது அம்மாவின் வாதம். அவருடைய பழைய டி.வி.டி. கருவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தாவின் முகம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், இருப்பதிலேயே உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்தேன். படம் நின்றதற்குக் காரணம் அந்த ஆசைதான்! எப்படி என்று பார்ப்போம்.

முதல் மறுப்பு

தொடக்கத்தில் படத்துக்கு வினாடிக்கு 8 மெகாபிட் ஒதுக்கினேன். ஒலித்தடங்கள் இரண்டு. ஒன்று மண்டபத்தின் இயல்பான ஒலி. மற்றொன்று, திரையில் தோன்றுபவர் யார், எந்த ஊர், என்ன உறவு என்று அம்மா சொல்லிக்கொண்டே வரும் வர்ணனை. இரண்டையும் சுருக்காமல் அப்படியே வைத்தேன். தட்டைத் தொகுக்கும் மென்பொருள், “பிட் வீதம் மிகுதி” என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டது. எனக்கு வியப்பு. டி.வி.டி.யில் படத்துக்கு வினாடிக்கு 9.8 மெகாபிட் வரை இடமுண்டு என்று படித்திருக்கிறேன். என்னுடையதோ 8 தானே?

வாசகர்களே, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். சுருக்காத ஒலியில் வினாடிக்கு 48,000 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் வினாடிக்கு 15,36,000 பிட். இத்தகைய ஒலித்தடம் இரண்டு இருப்பதால் 30,72,000. அதாவது ஏறத்தாழ 3.07 மெகாபிட். படத்தின் 8-ஐயும் சேர்த்தால் 11.07 மெகாபிட். டி.வி.டி. படத்தட்டில் படம், ஒலி, துணையெழுத்து எல்லாம் சேர்ந்து 10.08-ஐத் தாண்டக்கூடாது!

“ஒரு நேரத்தில் ஓர் ஒலித்தடத்தைத்தானே கேட்கிறோம்?” என்ற ஐயம் எழலாம். கேட்பது ஒன்றுதான். ஆனால் படமும் எல்லா ஒலித்தடங்களும் 2048 பைட் கொண்ட சிறு சிறு பொட்டலங்களாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கலந்தே தட்டில் எழுதப்படுகின்றன. கேளாத தடத்தின் பொட்டலங்களையும் லேசர் கதிர் கடந்துதான் போக வேண்டும். எனவே கணக்கில் எல்லாம் சேரும். இந்தப் பிழையால் அவதிப்படுகிறவர்கள் பெரும்பாலும் படத்தின் வீதத்தையே குறைத்துக் குறைத்துப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஒலியை. டால்பி முறையில் 192 கிலோபிட்டாகச் சுருக்கினால் இரண்டு தடமும் சேர்ந்து 0.384 மெகாபிட்தான். நாதசுரம் ஒன்றும் கெட்டுப்போகாது.

இந்த 10.08 எங்கிருந்து வந்தது?

யாரோ ஒரு குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து விருப்பம்போல் வைத்த எண் அல்ல இது. தட்டின் இயற்பியலே இதற்கு அடிப்படை. டி.வி.டி. தட்டுகள் 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அவற்றைப் படிப்பது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர். தட்டின் மேல் சுருளாக ஓடும் தடத்தில் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளி. ஒற்றையடுக்குத் தட்டில் தடம் லேசரின் கீழே வினாடிக்கு 3.49 மீட்டர் என்ற சீரான வேகத்தில் நகர்கிறது. உள் விளிம்பில் சுற்றளவு குறைவு, வெளி விளிம்பில் அதிகம். ஆதலால் வேகத்தைச் சீராக வைக்க, தட்டு உள்ளே நிமிடத்துக்குச் சுமார் 1390 சுற்றும் வெளியே சுமார் 575 சுற்றும் சுழல வேண்டும். படம் ஓட ஓடச் சுழற்சி மெதுவாகிக்கொண்டே வரும்.

தடத்தில் ஒரு பிட் பிடிக்கும் நீளம் 0.133 மைக்ரோமீட்டர். 3.49 மீட்டரை இதனால் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 26.16 மெகாபிட் கிடைக்கும். ஆனால் அத்தனையும் நமக்கு இல்லை. லேசர் நம்பிக்கையாகப் படிப்பதற்காக ஒவ்வொரு 8 பிட்டும் 16 பிட்டாக மாற்றி எழுதப்படுகிறது. அங்கேயே பாதி போய் 13.08 ஆகிறது. கீறலும் தூசியும் விழுந்தாலும் பிழையைத் திருத்திக்கொள்ள உதவும் கூடுதல் எண்கள், முகவரி, ஒத்திசைவுக் குறிகள் ஆகியவற்றுக்கு இன்னும் ஒரு பங்கு. மிஞ்சுவது 11.08 மெகாபிட். இதில் படத்தட்டு பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கப்படுவது 10.08. மீதமுள்ள 1 மெகாபிட் எதற்கு? லேசர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போதும், படிக்க முடியாத இடத்தை மறுபடி படிக்கும்போதும் இழந்த நேரத்தை ஈடுகட்டத்தான். கைச்செலவுக்கு ஒதுக்கிய தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். அதாவது 3,760 கோடி பிட். இதை 10.08 மெகாபிட் வீதம் செலவிட்டால் 62 நிமிடத்தில் தட்டு தீரும். ஆகவே படம் 62 நிமிடத்துக்கு மேற்பட்டால் நம்மைக் கட்டுப்படுத்துவது தட்டில் உள்ள இடம். அதற்குக் குறைந்தால் கட்டுப்படுத்துவது கருவி படிக்கும் வேகம். என் படம் 55 நிமிடம். “இடம் நிறைய இருக்கிறதே, ஏன் வீணாக்க வேண்டும்?” என்று எண்ணியது எத்தனை தவறு என்பது பின்னால் விளங்கியது. ஒலியைச் சுருக்கி மிச்சமானதையெல்லாம் படத்துக்கே கொடுத்தேன். சராசரி 9.4, உச்சம் 9.8. சராசரியோடு ஒலியைக் கூட்டினால் 9.784. எல்லைக்குள் இருக்கிறதல்லவா? மென்பொருள் இம்முறை மறுக்கவில்லை. ஏதோ சில எச்சரிக்கை வரிகள் திரையில் ஓடின. நான் படிக்கவில்லை. செய்முறைக் குறிப்பை ஒரு வரி விடாமல் படியுங்கள் என்று மாணவர்களிடம் நாள்தோறும் சொல்கிறவன்தான் நான்!

அட்சதை ஏன் விலை அதிகம்?

சுருக்காத தொலைக்காட்சிப் படம் எவ்வளவு பெரியது தெரியுமா? நம் நாட்டு முறையில் ஒரு படச்சட்டத்தில் 720 புள்ளிகள் அகலமும் 576 புள்ளிகள் உயரமும் உண்டு. நிறத்தையும் சேர்த்துப் புள்ளிக்குச் சராசரி 12 பிட். வினாடிக்கு 25 சட்டம். ஆக 124 மெகாபிட்டுக்கும் மேல். இதை 6 மெகாபிட்டில் அடைக்க வேண்டுமானால் இருபதில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். எம்பெக்-2 என்னும் முறை இதை இரண்டு தந்திரங்களால் சாதிக்கிறது.

முதல் தந்திரம் ஒரே சட்டத்துக்குள் செய்வது. படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் அலைகளின் கூட்டாக எழுதிக்கொள்கிறது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுண்ணலைகளைத் தாராளமாக முழுமைப்படுத்திவிடுகிறது. நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பிறந்த கணிதம் இது. இன்றைய கைபேசிப் புகைப்படம் வரை இதன் ஆட்சி தொடர்கிறது.

இரண்டாவது தந்திரம் அடுத்தடுத்த சட்டங்களுக்கு இடையே நடப்பது. பத்துப் பதினைந்து சட்டங்களுக்கு ஒருமுறைதான் முழுச்சட்டம் அனுப்பப்படும். இடையில் உள்ளவை, “முன் சட்டத்தில் இருந்த இந்தக் கட்டம் இரண்டு புள்ளி வலப்பக்கம் நகர்ந்துவிட்டது” என்பது போன்ற குறிப்புகளும், மிச்சமுள்ள வேறுபாடும் மட்டுமே. வாசலில் வரவேற்க நிற்கும் பெரியவர்கள், பின்னால் அசையாத வாழைமரம் – இப்படிப்பட்ட காட்சிக்குச் சில பிட்டுகள் போதும். நேற்றுப் போலவே இன்றும் இருப்பதைச் சொல்ல அதிகச் சொற்கள் தேவையில்லை.

இப்போது கெட்டிமேளக் காட்சிக்கு வாருங்கள். நூற்றுக்கணக்கான அரிசி மணிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில், ஒவ்வொரு வேகத்தில். முன் சட்டத்தைக் கொண்டு எதையும் ஊகிக்க இயலாது. பளிச்சொளி அதைவிடக் கொடுமை. ஒரே ஒரு சட்டம் முழுவதும் வெளுத்துவிடும். அது முந்திய சட்டத்தோடு பொருந்தாது. அடுத்த சட்டம் வழக்கமான ஒளிக்குத் திரும்புவதால் அது வெளுத்த சட்டத்தோடு பொருந்தாது. ஒரு மின்னலுக்கு இரண்டு சட்டங்களின் கணிப்பு பாழ்! ஓடும் நீர், தீ, கூட்டம், பட்டுப்புடவைச் சரிகையின் மினுக்கம் எல்லாம் இதே இனம். திருமணப் படங்களில் பூக்களும் இதயங்களும் சுழன்று சுழன்று வருமே, அவையும்தான். அவற்றை வெட்டிவிட்டால் பிட்டும் மிச்சம், கண்ணுக்கும் நல்லது என்பது என் சொந்தக் கருத்து. பழைய நாடாவின் புள்ளி இரைச்சல் கண்ணுக்குத் தெரியாத செலவாளி. மென்பொருளுக்கு அது படமா, குப்பையா என்று தெரியாது. ஊகிக்க முடியாத எதையும் அது பிட் கொடுத்தே வாங்கும்.

ஆக, படத்தின் மிக முக்கியமான நொடியே மிக அதிக பிட் கேட்கும் நொடியும் ஆகிறது. என் பிழை அங்கேதான் வெடித்தது.

தொட்டி காலியான விந்தை

அலட்சியம் செய்த எச்சரிக்கை வரிகளைப் பிறகு தேடிப் படித்தேன். “பஃபர் அண்டர்ஃப்ளோ” என்று இருந்தது. இடைத்தொட்டி வற்றிவிட்டது என்று பொருள். பிட் மிகுதியாக இருப்பதுதானே கோளாறு? மிகுதியானால் தொட்டி வழிய வேண்டும். வற்றுவது எப்படி? பலரையும் குழப்பும் இடம் இது.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருப்பதைப் போல, படத்தை விரிக்கும் பகுதிக்கு முன்னால் ஒரு சிறு நினைவகத் தொட்டி உண்டு. அதன் கொள்ளளவு 18,35,008 பிட்; அதாவது 224 கிலோபைட். தட்டிலிருந்து வரும் குழாய் இதில் நீர் ஊற்றுகிறது. வீட்டிலுள்ளவர்கள் வினாடிக்கு 25 தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு முழுச் சட்டத்துக்கு வேண்டிய நீரை ஒரே மூச்சில் மொண்டு போகிறார்கள். குடம் சிறிதானால் தொட்டி நிரம்பியிருக்கும். குடம் பெரிதானால் மட்டம் இறங்கும். சட்டம் பெரியது என்றால் குடம் பெரியது என்று பொருள். பிட் மிகுதியால் தொட்டி வற்றும் விந்தை இதுதான்.

குழாய் வினாடிக்கு 9.8 மெகாபிட் தந்தால், ஒரு சட்டத்தின் நேரமான 40 மில்லிவினாடியில் வருவது 3,92,000 பிட். அட்சதைக் காட்சியில் தொடர்ந்து ஒவ்வொரு சட்டமும் 6,00,000 பிட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் 2,08,000 பிட் பற்றாக்குறை. தளும்ப நிறைந்த தொட்டியே ஆனாலும் ஏழாவது சட்டத்தை எடுக்கும்போது வற்றிவிடும். அதாவது சுமார் கால் வினாடி! சராசரியைப் பார்த்து நிம்மதியாக இருந்தால் இந்தக் கால் வினாடியில் மாட்டிக்கொள்வோம்.

நல்ல சுருக்கி மென்பொருள் தொட்டியின் அளவைத் தெரிந்துகொண்டால், மட்டம் இறங்குவதைக் கண்டு, அந்தக் காட்சியைச் சற்று முரடாகச் சுருக்கிச் சமாளித்துவிடும். ஆனால் தொட்டியின் அளவை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். உச்ச வீதத்துக்குப் பக்கத்திலேயே அதற்கான கட்டம் இருந்தது. நான் அதை நிரப்பாமல் விட்டிருந்தேன். போதாக்குறைக்கு உச்சம் 9.8, ஒலி 0.384 – கூட்டினால் 10.184. சராசரி எல்லைக்குள், உச்சம் எல்லைக்கு வெளியே!

அப்படியானால் என் கணிப்பொறியில் மட்டும் அதே தட்டு தங்குதடையின்றி ஓடியதே, எப்படி? கணிப்பொறியின் தட்டுப்பெட்டி பன்மடங்கு வேகத்தில் படிக்கும். அதன் நினைவகமும் பெரிது. அம்மாவின் கருவியோ அடிப்படை வேகத்துக்கென்று செய்யப்பட்டது. மேலும், வீட்டில் பதியும் தட்டில் உள்ளது கடையில் வாங்கும் அச்சுத் தட்டைப் போன்ற பள்ளம் அல்ல. லேசரால் நிறம் மாற்றப்பட்ட சாயப் படலம். மங்கிவரும் பழைய லேசருக்கு அதைப் படிப்பது கடினம். மறுபடி மறுபடி படிக்கிறது. கைச்செலவுக்கு வைத்திருந்த அந்த 1 மெகாபிட்டையும் நான் பறித்துக்கொண்ட பிறகு அது என்ன செய்யும்?

சரிசெய்த விதம்

சராசரியை 6.5-க்கும் உச்சத்தை 8-க்கும் இறக்கினேன். தொட்டியின் அளவைக் குறிப்பிட்டேன். இரண்டு ஓட்டமாகச் சுருக்கச் சொன்னேன். முதல் ஓட்டத்தில் மென்பொருள் எந்தக் காட்சிக்கு எவ்வளவு தேவை என்று பார்த்து வைத்துக்கொள்ளும். இரண்டாம் ஓட்டத்தில் அசையாத காட்சிகளில் மிச்சம் பிடித்து, பரபரப்பான காட்சிக்கு உச்சம் தாண்டாமல் கொடுக்கும். இரைச்சலை இலேசாகத் தணிக்கும் வடிகட்டி ஒன்றையும் முன்னால் வைத்தேன். இதை அளவாகச் செய்ய வேண்டும். மிஞ்சினால் முகங்கள் மெழுகுபொம்மை போல் ஆகிவிடும். விலையில்லாமல் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் டி.வி.டி. இலக்கு என்று கேட்டால் அதுவே சராசரி 6, உச்சம் 9, தொட்டி 18,35,008 என்று வைத்துக்கொள்கிறது. சுருக்கமாக வேலை முடிய வேண்டுமென்பவர்களுக்கு அது போதும். பழைய கருவியானால் உச்சத்தை மட்டும் இன்னும் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம்.

என் தட்டில் இப்போது ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம். பார்க்க மனம் பொறுக்கத்தான் இல்லை. ஆனால் 9.4-இல் சுருக்கியதையும் 6.5-இல் சுருக்கியதையும் தொலைக்காட்சியில் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். தாத்தாவின் முகத்தில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

நீண்ட படம் வைத்திருப்பவர்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. இரண்டு மணி நேரமானால் 3,760 கோடியை 7,200-ஆல் வகுக்க வினாடிக்கு 5.2 மெகாபிட். ஒலிக்கும் பட்டியல் பக்கங்களுக்கும் ஒதுக்கியபின் படத்துக்கு 4.8 வைக்கலாம். மூன்று மணி நேரமானால் 3-ஐ ஒட்டி வந்துவிடும். கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும். அப்போது அகலத்தைப் பாதியாக்கி 352-க்கு 576 என வைத்துக்கொள்ள டி.வி.டி. முறை இடம் தருகிறது. இல்லையேல் இரண்டு தட்டாகப் பிரிப்பதே மேல். கணக்கிடும்போது ஓர் எச்சரிக்கை. தட்டின் உறையில் 4.7 என்றிருப்பது ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கியது. கணிப்பொறிகள் பல 1024-ஆல் பெருக்கி, அதே இடத்தை 4.38 என்று காட்டும். கோப்பு 4.6 என்று கணிப்பொறி சொன்னால் அது தட்டில் அடங்காது.

சில வேளைகளில் பிழைச் செய்தியே பொய்யாகவும் இருக்கும். எம்பெக்-2 கோப்பின் தலைப்பில் உச்ச வீதம் என்று ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். இந்த வகைப் படத்துக்கு எம்பெக்-2 விதிப்படி 15 மெகாபிட் வரை போகலாம் என்பதால் சில சுருக்கிகள் கண்ணை மூடிக்கொண்டு 15 என்று எழுதிவிடும். உள்ளே படம் 5 மெகாபிட்தான். தொகுப்பு மென்பொருள் உள்ளே பாராமல் தலைப்பை மட்டும் படித்து மறுத்துவிடும். உச்சத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு மறுபடி சுருக்கினால் சரியாகிவிடும். பிழை எங்கே என்று தெரியாதபோது படத்தை இரண்டாக வெட்டித் தனித்தனியே தொகுத்துப் பாருங்கள். எந்தப் பாதி மறுக்கப்படுகிறதோ அதை மீண்டும் இரண்டாக வெட்டுங்கள். நாலைந்து முறையில் குற்றவாளிக் காட்சி அகப்பட்டுவிடும். பட்டியல் பக்கத்தின் பின்னால் நகரும் சிறு படத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்கும் இதே எல்லைதான்.

புதிய தட்டை முதலில் அழித்தெழுதும் தட்டில் பதிந்து, தாலி கட்டும் காட்சிக்கு நேரே தாவி, அம்மாவின் கருவியில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. பிறகுதான் நிலையான தட்டில் பதிந்தேன். நாடாவிலிருந்து எடுத்த மூலக்கோப்பு மணிக்கு 13 ஜிகாபைட் வீதம் இரண்டு வன்தட்டுகளில் தனியே இருக்கிறது. சுருக்கியதை மறுபடி சுருக்கினால் குறைகள் கூடும் என்பதால், நாளை வேறு எந்தக் கருவிக்கு மாற்றுவதானாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அன்று மாலை அம்மா தம் வர்ணனைத் தடத்தைப் போட்டுக் கேட்டார். தாத்தாவுக்குப் பக்கத்தில் நிற்பவரின் ஊரைத் தவறாகச் சொல்லிவிட்டாராம். திருத்தி இன்னொரு முறை பதிந்து தரச் சொல்லியிருக்கிறார்.